மறைத்துச் சொல்வதும் சொல்லாது மறைப்பதும்



மொழிக்கென நடத்தப்பெறும் சொற்பொழிவு வரிசையில் இலக்கியம் பற்றியோ இலக்கணம் பற்றியோ பேசுவதே வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் பெருங்குடல் புற்றுநோய். அதன் தொடக்க அடையாளத்தை வீட்டிலிருந்தபடியே அறிய உதவும் ஒரு சிறு பரிசோதனை. இது மருத்துவர் பேச வேண்டிய பொருள் அன்றோ என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். மருத்துவத்தை மருத்துவரே உரைத்தல் வேண்டும். அதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் இப்பரிசோதனை நடைபெறும் இடம் மருத்துவமனை அன்று; நம் வீட்டுக் கழிவறை. அதைச் செய்ய வேண்டியவர் மருத்துவர் அல்லர். நம் தாத்தாவும் பாட்டியும், நம் தாய் தந்தையரும். அவர்களைச் செய்யவிடாமல் தடுப்பது பெரும்பாலும் கருவியின் குறை அன்று. ஒரு சொல்லின் கூச்சம். சொல் வந்து குறுக்கே நிற்கும் இடத்தில் மொழியாசிரியர்க்கும் வேலை இருக்கிறது. அந்த வேலை எது என்பதைச் சொல்வதே இவ்வுரையின் நோக்கம்.

மூலம் என்னும் சொல்

எங்கள் தாயாரின் தமக்கையை நாங்கள் பெரியம்மா என்று அழைத்தோம். அவருடைய அறுபத்தொன்றாம் வயதில், காலை வேளையில் இரத்தம் கலந்து போவதைக் கண்டார். அதைத் தம் தங்கையிடம் மட்டும், அதுவும் தாழ்ந்த குரலில், ஒருமுறை சொன்னார். “உடம்புச் சூடு” என்று முதலில் பெயரிட்டார். சில வாரங்கள் சென்றபின் “மூலம்தான்” என்று உறுதி செய்துகொண்டார். தேக்கா சந்தையிலிருந்து கருணைக்கிழங்கு வந்தது. மோரும் வெந்தயமும் உணவில் கூடின. இரத்தம் சில நாள் நிற்கும்; நின்றதும் மருந்து பலித்ததென மகிழ்வார். மீண்டும் வரும், வந்ததும் கருணைக்கிழங்கு வரும். இவ்வாறு ஓராண்டுக்கு மேல் கழிந்தது.

அவ்வாண்டு உறவில் ஒரு திருமணம். பெரியம்மா மெலிந்திருப்பதைக் கண்டு, உடம்பு நன்றாக இறங்கியிருக்கிறது என்று பலரும் பாராட்டினர். நாங்களும் பாராட்டினோம். நான்கு மாதம் கழித்துப் பேருந்து நிறுத்தத்தில் மயங்கி விழுந்தார். மருத்துவமனையில் இளம் மருத்துவர் ஒருவர், எவ்வளவு காலமாக இரத்தம் போகிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். நாங்கள் அதனைத் தமிழாக்கிக் கேட்டோம். அவர் எங்களைப் பார்க்கவில்லை. எங்கள் தாயாரைப் பார்த்தார். அன்றுதான் அந்த ஓராண்டுக் கதை எங்களுக்குத் தெரிந்தது. நோய் பெருங்குடலில் தொடங்கிக் கல்லீரல்வரை சென்றிருந்தது. அதற்குப்பின் பதினொரு மாதம் எங்களோடு இருந்தார். ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று ஒருநாள் கேட்டோம். “பிள்ளைகள் கிட்டப் பேசுற விஷயமா அது?” என்றார். அவ்வினாவுக்கு அன்று எங்களிடம் விடையில்லை. இன்றைய உரை அதற்கு நாங்கள் தாமதமாகத் தேடிய விடை என்று கொள்ளலாம்.

மூலம் என்னும் சொல்லுக்கு வேர், தொடக்கம், காரணம் என்பன பொருள். அதுவே ஆசனவாயில் இரத்த நாளங்கள் வீங்கும் நோய்க்கும் பெயராக வழங்குகிறது. மூலத்திலும் இரத்தம் போகும். குடல் புற்றிலும் இரத்தம் போகும். எதனால் போகிறது என்பதை நிறத்தைப் பார்த்தோ வலியைப் பார்த்தோ வீட்டிலுள்ளோர் முடிவு செய்ய இயலாது. பெயர் வைத்தவுடன் காரணம் தெரிந்துவிட்டதாக நாம் அமைதி அடைகிறோம். பெரியம்மா வைத்தது ஒரு பெயர். அவர் காணாதது அதன் மூலம்.

குடலுக்குள் நிகழ்வது

பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுடையது. சிறுகுடலில் செரித்த உணவின் மிச்சம் இதனுள் வந்து, நீர் உறிஞ்சப்பட்டு, மலமாகத் திரண்டு, மலக்குடலில் சேர்கிறது. இதன் உட்சுவரில் சிலர்க்கு வயது ஏற ஏறச் சிறு சதைக்கட்டிகள் முளைக்கும். மருத்துவர் இவற்றைப் பாலிப் என்பர். பெரும்பாலானவை தீங்கு செய்யாமல் இருந்துவிடும். சில மட்டும் மெல்ல வளர்ந்து, இயல்பு திரிந்து, புற்றாக மாறும். ஒரு சிறு கட்டி புற்றாக மாறப் பொதுவாகப் பத்தாண்டு அளவுகூட ஆகலாம்.

இந்த நீண்ட இடைவெளியே நமக்குக் கிடைத்திருக்கும் நல்வாய்ப்பு. எல்லா நோயும் இப்படிக் காத்திருப்பதில்லை. கட்டி சிறிதாக இருக்கும்போதே கண்டு அகற்றிவிட்டால் அவ்விடத்தில் புற்று தோன்றாமலே தடுக்கலாம். புற்றாக மாறிய பின்னரும் குடற்சுவரைத் தாண்டாத தொடக்க நிலையில் கண்டுபிடித்தால், பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் ஐந்தாண்டுக்கு மேல் வாழ்கின்றனர். பிற உறுப்புகளுக்குப் பரவிய பின் கண்டால் அவ்வாறு வாழ்வோர் பத்தில் ஒருவர் அல்லது இருவரே. நோய் ஒன்றே, மருத்துவமும் ஒரே நாட்டினது, வேறுபடுவது காலம் மட்டுமே.

ஆனால் தொடக்க நிலையில் வலி இராது, பசி குறையாது, நடை தளராது. கட்டியின் மேற்பரப்பிலிருந்து இரத்தம் சிறிது சிறிதாகக் கசியும். அது மலத்தோடு கலந்துவிடுவதால் கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத அந்த இரத்தத்தைத் தேடுவதே வீட்டுப் பரிசோதனையின் வேலை.

ஒரு கருவியின் வரலாறு

மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைத் தேடும் முயற்சி புதிதன்று. மேற்கிந்தியத் தீவுகளில் வளரும் குவாயாக்கம் என்னும் மரத்தின் பிசின், இரத்தம் பட்ட இடத்தில் குறிப்பிட்ட வேதிப்பொருள் சேரும்போது நீல நிறமாக மாறும். இதனை 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவர் பயன்படுத்தினர். 1967ஆம் ஆண்டளவில் அமெரிக்க மருத்துவர் டேவிட் கிரீகர், இப்பிசின் தோய்த்த தாளட்டைகளை நோயாளியிடமே கொடுத்து, வீட்டில் மாதிரி எடுத்துக் கொண்டுவரச் செய்யும் முறையை எழுதி வெளியிட்டார். மருத்துவமனைக்கு வெளியே, நலமாக இருப்போரும் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ள வழி திறந்தது அப்போதுதான்.

இம்முறை உயிரைக் காக்கிறதா என்று அறிய அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் 50 முதல் 80 வயதுவரை உள்ள 46,551 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 1993இல் வெளிவந்தது. பதின்மூன்று ஆண்டுகளில், பரிசோதனை வழங்கப்பெறாத பிரிவில் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ ஒன்பது பேர் இந்நோயால் இறந்திருந்தனர். ஆண்டுதோறும் பரிசோதனை வழங்கப்பெற்ற பிரிவில் அத்தொகை ஆறு. ஆயிரத்தில் மூன்று என்பது சிறு எண்ணாகத் தோன்றும். ஒரு பள்ளியின் மாணவர் அனைவருடைய தாத்தா பாட்டியரையும் மனத்தில் எண்ணிப் பாருங்கள். அம்மூன்றும் மூன்று வீடுகள் என்பது விளங்கும்.

பழைய முறையில் ஓர் இடர் இருந்தது. உண்ட இறைச்சியின் இரத்தமும், சில காய்கறிகளும்கூட அந்நிறத்தை மாற்றிவிடும். ஆகவே சோதனைக்கு முன் உணவில் கட்டுப்பாடு வேண்டியிருந்தது. இன்றுள்ள முறை வேறு. மனித இரத்தத்தின் சிவப்பணுக்களில் உள்ள புரதத்தை மட்டுமே பற்றிக்கொள்ளும் நோயெதிர்ப்புப் பொருள் இதில் பயன்படுகிறது. ஆட்டிறைச்சி உண்டாலும் முடிவு மாறாது. உணவுக் கட்டுப்பாடு தேவையில்லை. இரைப்பையில் கசியும் இரத்தத்தின் புரதம் வழியிலேயே செரித்துவிடுவதால், இச்சோதனை பெரும்பாலும் பெருங்குடலின் இரத்தத்தையே காட்டும். ஜப்பான் நாடு 1992இலேயே இம்முறையை நாடு முழுமைக்கும் உரியதாக்கியது. இங்கிலாந்து 2006இல் பழைய முறையில் தொடங்கி, 2019இல் இதற்கு மாறியது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து இதனை ‘ஃபிட்’ என்று வழங்குகின்றனர்.

சிங்கப்பூரில் ஆண்களையும் பெண்களையும் மிகுதியாகத் தாக்கும் புற்றுநோய்களுள் பெருங்குடல் புற்றுநோயும் ஒன்று. 50 வயதை அடைந்தோர் ஆண்டுக்கு ஒருமுறை இச்சோதனையைச் செய்துகொள்ளுமாறு நம் சுகாதாரத் துறையினர் அறிவுறுத்துகின்றனர். சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம், தகுதி பெறும் சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பரிசோதனைப் பெட்டியை இலவசமாக வழங்கி வருகிறது. ஆகவே விலையும் தொலைவும் இங்குப் பெரிய தடை அல்ல.

செய்முறை

செய்முறையைச் சுற்றி வளைக்காமல் சொல்வோம். பெட்டிக்குள் விரற்கடை அளவான இரண்டு சிறு குழாய்கள் இருக்கும். ஒவ்வொன்றின் மூடியோடும் ஒரு குச்சி இணைந்திருக்கும். குச்சியின் நுனியில் வரிவரியான பள்ளங்கள் உண்டு. முதலில் குழாயின் மேல் பெயரும் நாளும் எழுத வேண்டும். கழிவறைத் தொட்டியில் தாள் விரித்து, மலம் நீரில் அமிழாதவாறு செய்ய வேண்டும். பிறகு குச்சியால் மலத்தின் மேற்பரப்பில் பல இடங்களில் கீறி எடுக்க வேண்டும். பள்ளங்கள் நிறைந்தால் போதும். தேவைப்படும் அளவு ஓர் அரிசி மணியின் எடையைவிடக் குறைவு. கூடுதலாக எடுப்பதால் பயன் இல்லை. குச்சியைக் குழாயினுள் செருகி இறுக மூடினால் வேலை முடிந்தது. கையில் எதுவும் படுவதில்லை.

இரண்டாம் குழாயை மற்றொரு நாளில் நிரப்ப வேண்டும். கட்டி நாள்தோறும் ஒரே அளவாகக் கசிவதில்லை. ஒருநாள் தப்பியது மறுநாள் அகப்படலாம். பல இடங்களில் கீறுவதற்கும் காரணம் இதுவே. நம் ஊர் வெப்பத்தில் இரத்தப் புரதம் விரைவில் சிதைந்துவிடும். ஆகவே எடுத்த மாதிரியை வெயில் படாமல் வைத்து, தாமதிக்காமல் பெட்டியோடு வந்த உறையிலிட்டு அனுப்பிவிட வேண்டும். மூலத்தால் இரத்தம் போகும் நாள்களிலும் மாதவிலக்கு நாள்களிலும் மாதிரி எடுத்தல் கூடாது.

இங்கு மூன்று செய்திகளை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம்.

முதலாவது, இப்பரிசோதனை நலமாக இருப்போர்க்கு உரியது. இரத்தத்தைக் கண்ணால் கண்டவர், மலம் கழிக்கும் வழக்கம் மாறிச் சில வாரங்கள் நீடிப்பதை உணர்ந்தவர், போய்வந்த பின்னும் முழுமையாகப் போகாத உணர்வு உடையவர், காரணமின்றி மெலிபவர், சோகை என்று சொல்லப்பட்டவர் ஆகியோர் பெட்டிக்காகக் காத்திராமல் நேரே மருத்துவரிடம் செல்ல வேண்டும். எங்கள் பெரியம்மாவுக்கு அன்று வேண்டியிருந்தது பெட்டி அன்று, மருத்துவர்.

இரண்டாவது, பெற்றோர்க்கோ உடன்பிறந்தார்க்கோ இந்நோய் இருந்தால் வழி வேறு. எங்கள் தாயார் பெரியம்மாவின் தங்கை என்பதால், மருத்துவர் அவரைக் கொலனோஸ்கோப்பி என்னும் பெருங்குடல் உள்நோக்குப் பரிசோதனைக்கே நேராக அனுப்பினார். குடும்ப வரலாற்றைச் சொன்னால்தான் மருத்துவர் இவ்வாறு முடிவு செய்ய இயலும். சொல்ல வேண்டுமானால் அது வீட்டில் பேசப்பட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது, இரத்தம் இருப்பதாக முடிவு வந்தால் அது புற்றுநோய் என்று பொருள் அன்று. அவர்களுள் பெரும்பாலோர்க்குப் புற்றுநோய் இராது. அடுத்த பரிசோதனை வேண்டும் என்பதே அதன் பொருள். இரத்தம் இல்லை என வந்தால் என்றும் கவலை இல்லை என்பதும் பொருள் அன்று. அந்நாளில் கசியாத கட்டியை இச்சோதனை காணாது. அதனால்தான் ஆண்டுதோறும் செய்யச் சொல்கின்றனர்.

தகுதி வழக்கு மூன்று

கருவி எளிது, விலை இல்லை, பயன் தெளிவு. அவ்வாறாயின் பெட்டிகள் ஏன் மேசை இழுப்பறையில் உறங்குகின்றன? இவ்விடத்தில் நம் துறைக்கு வருகிறோம்.

நன்னூல் கற்ற மாணவர் தகுதி வழக்கு மூன்று என்பதை அறிவர். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்பன அவை. வீட்டுக்கும் பெட்டிக்கும் இடையே இம்மூன்றும் வந்து நிற்கின்றன.

அவையில் சொல்லத் தகாததை வேறு வாய்பாட்டால் சொல்வது இடக்கரடக்கல். கால் கழுவி வந்தான் என்பது வகுப்பறையில் நாம் தரும் எடுத்துக்காட்டு. வெளிக்குப் போதல், கொல்லைக்குப் போதல், காலைக்கடன் கழித்தல் என்று நம் முன்னோர் இதற்கு எத்தனை வழி கண்டனர்! இவ்வழக்கை நாம் குறை கூறவில்லை. அது பண்பாட்டின் செல்வம். ஆனால் அதன் பெயரை ஒருமுறை கூர்ந்து நோக்குங்கள். இடக்கரை அடக்கிச் சொல்வதே இடக்கரடக்கல். சொல்லாமலே விடுவதற்கு அப்பெயர் இல்லை. தொல்காப்பியரும் அவைக்கு ஒவ்வாத சொல்லை மறைத்துக் கூறுமாறுதான் வழி வகுத்தார். கூறாமல் மறைக்கச் சொல்லவில்லை. இலக்கணம் தந்தது ஒரு வாயில். நாம் அதைச் சுவராக்கிக்கொண்டோம். “பிள்ளைகள் கிட்டப் பேசுற விஷயமா அது?” என்று பெரியம்மா கேட்டபோது நாங்கள் சொல்லியிருக்க வேண்டிய விடை இதுதான்: ஆம் பெரியம்மா, பேசத்தக்க விஷயம்தான், எந்தச் சொல்லால் பேசுவது என்பதை மட்டும் நீங்கள் தேர்ந்துகொள்ளுங்கள்.

அமங்கலமானதை மங்கலமாகச் சொல்வது மங்கலம். இறந்தார் என்னாது துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும் இவ்வகை. புற்றுநோய் என்ற சொல்லும் பல வீடுகளில் வாசலுக்கு வெளியேதான் நிற்கிறது. அந்த நோய், பெரிய வியாதி, கெட்ட கட்டி என்றெல்லாம் சொல்கிறோம். பெயரைச் சொன்னால் வந்துவிடும் என்னும் அச்சம் பழமையானது, இரங்கத்தக்கது. ஆனால் சொல்லாத வீட்டிற்கும் அது வந்தது. அதனை நாங்கள் கண்டோம்.

மூன்றாவது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பதுபோல், ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்கும் சொல் இது. மருத்துவர் உலகத்திற்கும் குழூஉக்குறி உண்டு. பரிசோதனையின் பெயர் ஃபிட் என்று கேட்ட முதியவர் ஒருவர், “எனக்கு ஃபிட்ஸ் வந்ததே இல்லையே” என்று மறுத்ததை நாங்கள் அறிவோம். வலிப்பு நோயைச் சொல்கிறார்கள் என்று அவர் நினைத்துவிட்டார். பாசிட்டிவ் என்னும் சொல்லும் அத்தகையதே. நேர்மறை என்றால் நன்மை என்று வகுப்பில் சொல்லித் தருகிறோம். பரிசோதனை முடிவு பாசிட்டிவ் என்று கேட்ட பாட்டி மகிழ்ந்தால் பிழை பாட்டியுடையது அன்று. இரத்தம் இருக்கிறது, இரத்தம் இல்லை என்று சொல்லிவிட்டால் எந்தக் குழப்பமும் நேராது.

எங்கள் தந்தையாரின் பெட்டி

பெரியம்மா மறைந்த மறு ஆண்டு எங்கள் தந்தையாருக்குப் பரிசோதனைப் பெட்டி வாங்கி வந்தோம். அவர் துறைமுகத்தில் கணக்கராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் நாள் தவறாமல் செய்பவர். அப்பெட்டியை மட்டும் வாங்கி இழுப்பறையில் வைத்தார். ஒரு மாதம் சென்றது. ஐந்து மாதம் சென்றது. கேட்டால், செய்யலாம் என்பார். சாமி அறை இருக்கும் வீட்டில் இதையெல்லாம் எடுத்து வைப்பதா என்று ஒருமுறை எங்கள் தாயாரிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். அதை எங்களிடம் சொல்ல அவருக்கும் கூச்சம். கேட்க எங்களுக்கும் கூச்சம். பெரியம்மாவை இழந்த பின்னும் நாங்கள் மாறவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கூச்சத்தை உடைத்தவள் உயர்நிலைப்பள்ளியில் முதலாண்டு பயின்ற எங்கள் வீட்டுப் பெண்பிள்ளை. பென்சில் தேடி இழுப்பறையைத் திறந்தவள் பெட்டியோடு இருந்த தமிழ்த் தாளை எடுத்து, தமிழ்ப்பாடத்தில் பயின்றதுபோல உரக்கப் படித்தாள். ‘மல மாதிரியைச் சேகரிக்கவும்’ என்னும் வரியில் நின்றாள். “தாத்தா, மாதிரின்னா போல தானே? மலம் மாதிரி எதைச் சேகரிக்கணும்?” என்று கேட்டாள். வீடு முழுதும் ஒரு நொடி அமைதி. பிறகு தாத்தா சிரிக்கத் தொடங்கினார். அத்தகைய சிரிப்பை அவரிடம் பெரியம்மா போன பிறகு நாங்கள் கேட்டதில்லை. “அது வேற மாதிரிம்மா” என்றார், மீண்டும் சிரித்தார்.

அடுத்து அவள் மலம் என்றால் என்ன என்று கேட்டாள். மலாய்ச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் அவளுக்குத் தெரியும். தமிழ்ச் சொல் தெரியாது. தாத்தா ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலத்திலிருந்து தொடங்கினார். சைவ சித்தாந்தம் அவருக்கு எளிது. நீக்க வேண்டிய அழுக்கு என்பதே மலத்தின் பொருள் என்று சொல்லிக்கொண்டே போனவர், நடுவில் நிறுத்தினார். பேத்தி கையிலிருந்த தாளைப் பார்த்தார். “அந்தப் பொருளை இதுல சோதிக்கச் சொல்றாங்க” என்றார். “அப்ப ஏன் தாத்தா இன்னும் செய்யல?” என்று அவள் கேட்டாள். அக்கேள்விக்கு அவரிடம் விடை இல்லை. அவ்வாரமே இரண்டு குழாய்களும் அஞ்சலில் சென்றன.

முடிவு வந்தது: இரத்தம் இருக்கிறது. அந்நாளில் எங்கள் வீட்டில் யாரும் உறங்கவில்லை. கொலனோஸ்கோப்பி செய்தபோது இரண்டு சதைக்கட்டிகள் இருந்தன. அப்போதே அகற்றினர். ஆய்வகம் இன்னும் புற்றாகவில்லை என்று சொன்னது. இன்னும் என்னும் சொல்லை எங்கள் தாயார் பலமுறை திரும்பச் சொன்னார்.

ஆசிரியரும் மாணவரும்

இந்நிகழ்ச்சியை ஒரு குடும்பக் கதையாக மட்டும் நாம் சொல்லவில்லை. பன்னிரண்டு பதின்மூன்று வயது மாணவி தமிழ்த் தாளைப் படிக்க வல்லவளாயிருந்தாள்; ஆனால் உடலைப் பற்றிய அடிப்படைச் சொற்களை அறியாதவளாயிருந்தாள். அக்குறை அவளுடையது அன்று. நாம் கற்பிக்கவில்லை. மயிலுக்கும் குயிலுக்கும் சொல்லித் தரும் நாம் குடலுக்கும் கல்லீரலுக்கும் சொல்லித் தருவது குறைவு. மலம், சிறுநீர், மாதவிலக்கு என்னும் சொற்களோ வகுப்பறைக்குள் வருவதே இல்லை. வந்தால் மாணவர் சிரிப்பர் என்று அஞ்சுகிறோம். சிரிக்கட்டும். ஒருமுறை சிரித்துத் தீர்த்த சொல் பிறகு பயன்படுத்தும் சொல்லாகிவிடும்.

ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சியை முன்வைக்கிறோம். மேல்வகுப்பு மாணவரிடம், இப்பரிசோதனையைத் தம் பாட்டிக்கு விளக்கும் வகையில் பத்து வாக்கியங்கள் எழுதச் சொல்லுங்கள். மூன்று கட்டுப்பாடுகள் விதியுங்கள். பாட்டி கூசாத சொல் வேண்டும். பாட்டிக்குப் பொருள் மயங்காத சொல் வேண்டும். செய்முறையில் ஒரு படியும் விடுபடலாகாது. தகுதி வழக்கு மூன்றையும் இதனினும் நன்றாக விளக்கும் பயிற்சி ஒன்றை நாம் அறியோம். மாதிரி என்பதற்கு எடுக்க வேண்டிய சிறிதளவு என்று ஒரு மாணவர் எழுதினால், அவர் நல்ல மொழிபெயர்ப்பாளர் ஆகும் வழியில் இருக்கிறார்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் 50 வயதைக் கடந்தவர் இருந்தால், பெட்டி வாங்கினீர்களா, அனுப்பினீர்களா என்று கேளுங்கள். பெரியவரிடம் பெரியவர் கேட்கக் கூசும் கேள்வியைப் பிள்ளை கேட்கலாம். அது உங்கள் வயதுக்குக் கிடைத்திருக்கும் உரிமை. தாளைப் படித்துக் காட்டுங்கள். அஞ்சல் பெட்டிவரை உடன் செல்லுங்கள்.

பெரியவர்களுக்கும் ஓர் எல்லையை நினைவூட்டுகிறோம். செய்முறையைப் பிள்ளை படித்துச் சொல்லலாம். ஆனால் மருத்துவர் அறையில் கடுமையான முடிவை மொழிபெயர்த்துச் சொல்லும் சுமையைப் பிள்ளையின் தோளில் ஏற்றலாகாது. அவ்விடத்திற்கு வயது வந்தவர் ஒருவர் உடன் செல்ல வேண்டும். தமிழறிந்த தாதியரின் உதவியையும் கேட்கலாம். பெரியம்மாவுக்கு அன்று நாங்கள் மொழிபெயர்த்த சில வாக்கியங்கள் இன்னும் எங்களை விட்டு நீங்கவில்லை. நாங்கள் அப்போதே நாற்பதைக் கடந்தவர்கள்.

நிறைவாக

நம் நாட்டில் மார்ச் மாதம் பெருங்குடல் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம். அது முடிந்ததும் ஏப்ரலில் தமிழ்மொழி விழா வருகிறது. இரண்டு மாதங்களும் அடுத்தடுத்து அமைந்தது தற்செயலே. ஆயினும் ஒரு மொழி வாழ்கிறதா என்பதை மேடையில் மட்டும் அளக்க முடியாது. ஒரு முதியவர் தம் உடலில் நேர்வதைத் தம் வீட்டாரிடம் தம் மொழியில் சொல்ல முடிகிறதா, அதனைக் கேட்ட பேரப்பிள்ளைக்கு அது விளங்குகிறதா என்பதும் ஓர் அளவுகோல். அங்கே மொழி தோற்றால் தோற்பது மொழி மட்டும் அன்று.

எங்கள் தந்தையாருக்கு இப்போது எழுபத்து மூன்று வயது. கட்டிகள் அகற்றப்பட்டதால் அவருக்கு இனிப் பெட்டி இல்லை. மருத்துவர் குறித்துத் தரும் ஆண்டில் உள்நோக்குப் பரிசோதனைக்கே செல்கிறார். அதனை அவர் கொலனோஸ்கோப்பி என்று சொல்வதில்லை. மலம் என்ற சொல்லையும் மும்மலத்திற்கு வெளியே இன்னும் வழங்குவதில்லை. கணக்குத் தணிக்கை என்கிறார். “இந்த வருஷம் தணிக்கை இருக்கு, நாள் குறிச்சு வைங்க” என்று எங்கள் அனைவர் முன்னும், உணவு மேசையில், உரத்த குரலில் சொல்கிறார். தம் நண்பர்களிடமும் பெட்டி வாங்கியாயிற்றா, கணக்கு அனுப்பியாயிற்றா என்று கேட்கிறார். அவர்களுக்கும் அச்சொல் விளங்கிவிட்டது.

இடக்கரடக்கல் என்பது இதுதான். மறைத்தார், ஆனால் சொன்னார். உங்கள் வீட்டுக்கும் அத்தகைய ஒரு சொல்லைக் கண்டுபிடியுங்கள்.